“ஹிஸ்டரி எடுத்திருக்கியா... சரி, அப்புறம்?”

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வீடுகளில் அந்தக் கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். “எந்த காலேஜ், என்ன குரூப்?” நர்சிங், பி.காம்., இன்ஜினீயரிங் என்று பதில் வந்தால், கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். “பி.ஏ. ஹிஸ்டரி” என்று சொன்னால் மட்டும் ஒரு நொடி அமைதி. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, மார்க் குறைஞ்சிருச்சா?”

இந்தக் கேள்வியைக் கேட்காத வரலாற்று மாணவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் கேட்பார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள். கல்லூரியில் சேரும் நாளன்றே கூடப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு மாணவனின் அப்பா கேட்பார்.

கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அரசு கலைக் கல்லூரிகளின் கலந்தாய்வில் நடப்பது அப்படி. மதிப்பெண் அதிகமுள்ளவர்கள் உள்ளே போனதும் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் மளமளவென்று காலியாகும். பலகையில் கடைசிவரை தெரிகிற பெயர்களில் வரலாறும் ஒன்று. ‘பிடித்து எடுத்தேன்’ என்பவர்களும் உண்டு. ஆனால், ‘கிடைத்தது, எடுத்தேன்’ என்று வகுப்புக்கு வருபவர்கள்தான் அதிகம். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்களில் நிறைய. ஷிப்ட் முறை இருக்கும் கல்லூரிகளில் காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் துணிக்கடையிலோ கேட்டரிங்கிலோ வேலை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ் பாஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அந்தப் பணம் எவ்வளவு பெரியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஜெராக்ஸில்தான் சிக்கலும் ஆரம்பிக்கிறது.

சிறுகுறிப்பு வரைக

கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மூன்று வருடப் படிப்பும் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சீனியர் எழுதிய நோட்ஸ், அதற்கு முந்தைய சீனியர் எழுதிய நோட்ஸ், போன வருடக் கேள்வித்தாள். தேர்வுக்கு முந்தைய வாரம் அதை வாங்கிப் படித்தாலே பாஸ் ஆகிவிடலாம். ‘குடவோலை முறை: சிறுகுறிப்பு வரைக’ என்று ஒரு கேள்வி வரும். பள்ளியில் ஏழெட்டு வரியில் எழுதியதைக் கொஞ்சம் நீட்டி ஒரு பக்கம் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ‘ஆயிரம் வருடத்துக்கு முன்பே தேர்தல் நடத்தியவர்கள் நாம்’ என்று முடித்தால் இன்னும் நல்லது.

அதே கேள்வியை நோட்ஸை மூடி வைத்துவிட்டுப் படிக்கவும் ஒரு வழி இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூருக்குப் பஸ் ஏறி, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, இன்றைய பேச்சில் வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். ஏற்கெனவே பதவியில் இருந்துவிட்டு ஒழுங்காகக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய உறவினர்கள் பெயரையும் போடக் கூடாது. படிக்கும்போது யாருக்கும் ஒரு சிரிப்பு வரும். இந்த ஒரு விதி இன்று இருந்தால் எத்தனை போஸ்டர்கள் ஒட்டாமலே போகும்!

நோட்ஸ் இங்கே நின்றுவிடும். கல்வெட்டு நிற்காது. பெயர் எழுதத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். உத்திரமேரூர் அன்று பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரம்மதேய ஊர். இந்த விதிகளை அமைத்தபோது அரசன் அனுப்பிய அதிகாரியும் கூடவே இருந்திருக்கிறார். அப்படியானால் அந்த ஏரியை வெட்டியவர்கள், அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள், அந்த ஊரின் பெண்கள்? அவர்கள் பெயர் எழுதிய ஓலை எந்தக் குடத்திலும் விழவில்லை.

கணக்குக் காட்டாதவனை விலக்கி வைத்த விதியும் நிஜம், ஊரில் பெரும்பாலானவர்களை வெளியே நிறுத்திய விதியும் நிஜம். இரண்டும் ஒரே சுவரில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒரே பதிலில் எழுதக் கற்றுக்கொள்ளும் அன்றுதான் அந்த மாணவி வரலாறு படிக்க ஆரம்பிக்கிறாள். அதுவரை அவள் படித்துக்கொண்டிருந்தது வரலாற்றுப் பரீட்சைக்கு.

சென்னையில் இருந்து உத்திரமேரூருக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனாலும் அந்தச் சுவரைப் பார்க்காமலே பட்டம் வாங்கி வெளியேறுகிறவர்கள் ஏராளம்.

சினிமாவும் கடிதமும்

‘வரலாற்றியல்’ என்று ஒரு தாள் உண்டு. பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் வரும். பெயரைக் கேட்டாலே மாணவர்கள் பயப்படுவார்கள். 1961-ல் கேம்பிரிட்ஜில் இ.எச். கார் ஆற்றிய சொற்பொழிவுகள் ‘வரலாறு என்றால் என்ன?’ என்ற தலைப்பில் புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகத்தின் சுருக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு எழுதுவார்கள். ஆனால், அந்தத் தாள் கேட்பது ரொம்பச் சாதாரணமான ஒரு விஷயம்தான். ஒரு தகவல் வந்தால், இதை யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்காகச் சொன்னது என்று கேள். அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள வீரபாண்டிய கட்டபொம்மன் ஒருவரே போதும். 1959-ல் வந்த படத்தின் வசனத்தைச் சொல்லாத பள்ளி ஆண்டு விழா கிடையாது. சிவாஜியும் ஜாக்ஸன் துரையும் நேருக்கு நேர் நிற்கும் அந்தக் காட்சி, பலருக்கு வரலாறாகவே மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் என்ன நடந்தது?

கம்பெனியின் கலெக்டர் ஜாக்ஸன், வரி பாக்கிக்காகக் கட்டபொம்மனை வரச்சொல்லி, ஊர் ஊராக அலையவிட்டிருக்கிறார். கடைசியில் 1798 செப்டம்பரில் ராமநாதபுரம் அரண்மனையில் சந்திப்பு. அங்கே கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். இதுவரை சினிமாவோடு ஓரளவு ஒத்துப்போகிறது. அடுத்து நடந்தது பலருக்குத் தெரியாது. கம்பெனியே ஒரு விசாரணைக் குழு போட்டது. கட்டபொம்மன் அதன் முன் நேரில் வந்தார். குழு அவர்மீது குற்றமில்லை என்றது. பதவி போனது ஜாக்ஸனுக்கு! ஒரு பாளையக்காரர் கொடுத்த விளக்கத்தை ஏற்று, கம்பெனி தன் சொந்தக் கலெக்டரையே நீக்கியிருக்கிறது.

அடுத்த வருடமே நிலைமை தலைகீழாக மாறியது. ஜாக்ஸன் இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். மேஜர் பானர்மேன் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வளவும் எங்கிருந்து தெரிகிறது? பெரும்பகுதி கம்பெனிக்காரர்களின் கடிதங்களில் இருந்து. அதாவது, தூக்கில் போட்டவர்கள் எழுதி வைத்ததில் இருந்து. 1881-ல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு அந்தக் கடிதங்களையும் உள்ளூர் நினைவுகளையும் வைத்து எழுதப்பட்டது. இன்னொரு பக்கம், தென்மாவட்டங்களில் பாடப்பட்டு வந்த கதைப்பாடல்கள் இருக்கின்றன. நா.வானமாமலை அவற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார். பாடலில் தேதி இருக்காது. கடிதத்தில் கண்ணீர் இருக்காது. நான்காவதாக சினிமா. நான்கையும் மேசையில் வைத்து, எது எதை மறைக்கிறது என்று பார்ப்பதுதான் வகுப்பில் செய்ய வேண்டிய வேலை.

இந்தப் பழக்கம் கொஞ்சம் பிடிபட்டுவிட்டால் வீட்டில் ஒரு சங்கடமும் காத்திருக்கிறது. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா ‘கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது, அறிவியலே வியக்கும் அதிசயம்’ என்று ஃபார்வர்டு போடுவார். தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தினமும் தரையில் விழுவதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை என்ன செய்வது? கூப்பிய கை இமோஜியைப் போட்டுவிட்டு ஒதுங்குபவர்கள் சிலர். நிழலைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருப்பவர்கள் சிலர்.

நிழல் கதையைவிட அந்தக் கோயில் சுவரில் இருக்கும் ஒரு பட்டியல் எவ்வளவோ ஆச்சரியமானது. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களில் இருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்கு அழைத்து வந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. ஒரு பங்குக்கு வருடத்துக்கு 100 கலம் நெல். ராஜாக்களின் பெயர்களை மட்டுமே மனப்பாடம் செய்து வந்த ஒரு மாணவி, ஆயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த 400 பெண்களின் முகவரியை ஒரே இடத்தில் படிக்கும்போது என்ன தோன்றும்? அவர்கள் விரும்பி வந்தார்களா என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

தாள், தண்ணீர், மை

பல மாணவர்களுக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போவது கல்வெட்டுப் பயிற்சியில்தான். கல்லை பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்படி செய்கிறார்கள். ஈரம் பாதி காய்ந்ததும் மை ஒற்றுகிறார்கள். பள்ளத்தில் மை படாது. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துகள் எழும்பி வரும். உரித்து எடுத்தால் மைப்படி தயார். காற்று அடித்தால் தாள் கிழியும், தாள் காய்ந்துபோனால் எழுத்து விழாது. கை முழுக்க மையோடு, தன் ஊர்ப் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்ட பிள்ளைக்கு அதன் பிறகு நோட்ஸ் ருசிக்காது.

1886-ல் அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஜெர்மானியர் ஹூல்ஷ் இப்படிப் படியெடுத்துத்தான், 1890-ல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியை வெளியிட்டார். தஞ்சைப் பெண்களின் பட்டியல் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. பின்னாளில் ஜப்பானில் இருந்து வந்து, தமிழ் கற்று, சோழர் கல்வெட்டுகளில் மூழ்கியவர் நொபொரு கராஷிமா. எ.சுப்பராயலு, தொரு மாட்சுயி ஆகியோரோடு சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்து 1978-ல் அட்டவணையாகக் கொண்டுவந்தார். 2013-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். டோக்கியோக்காரர் படித்த எழுத்தை, அதே கோயில் வாசலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நாம் படிக்கவில்லை என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

உறுத்தலோடு ஒரு நியாயமும் இருக்கிறது. தமிழ் மீடியத்தில் படிப்பவருக்கு நல்ல புத்தகங்களில் பாதி ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ தமிழில் கிடைக்கிறது. ரொமிலா தாப்பர் கிடைக்கிறார். அதற்கு மேல் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். 1960, 70-களில் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கொண்டுவர அரசு வெளியிட்ட நூல்களைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அவற்றில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். கல்வெட்டுத் தொகுதிகளும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. ரீல்ஸ் பார்க்கும் அதே போனில் ஹூல்ஷும் திறப்பார். எங்கே தேடுவது என்று முதலாம் ஆண்டிலேயே யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த ‘யாராவது’ ஒருவர் இருக்கும் துறைக்கும் இல்லாத துறைக்கும், மூன்று வருட முடிவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

சரி, வேலை?

கல்யாண வீட்டுக் கேள்விக்கு வருவோம். அதைத் தவிர்ப்பது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் துரோகம்.

பி.ஏ. வரலாறு மட்டும் படித்துவிட்டு, ‘வரலாறு’ என்ற பெயரிலேயே உடனடியாகக் கிடைக்கும் வேலை அநேகமாக இல்லை. பள்ளி ஆசிரியராக பி.எட். வேண்டும், டெட் தேர்வில் தேர்ச்சி வேண்டும். அதற்குப் பிறகும் பணி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். மேல்நிலை வகுப்புக்கு எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்து டி.ஆர்.பி. தேர்வு. கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் எம்.ஏ.வோடு நெட் அல்லது செட், இல்லையென்றால் பிஎச்.டி. ஒவ்வொரு படிக்கும் வருடங்கள் ஆகும். வீட்டில் அந்த வருடங்களைத் தாங்க முடியுமா என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கி, எஸ்.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். வரலாற்றுக்காரர்களுக்கு அங்கே ஒரு சின்ன முன்னுரிமை, பாடத்திட்டத்தில் பாதி ஏற்கெனவே பழக்கமானது என்பதுதான். யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் விருப்பப் பாடமாக வரலாற்றை எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண். முதல் தாளில் வரைபடத்தில் இடங்களை அடையாளம் சொல்லும் கேள்விக்கு மட்டும் 50 மதிப்பெண். ஆனால், ‘ஹிஸ்டரி படிச்சா கலெக்டர் ஆகிடலாம்’ என்று சேர்க்கைக் காலத்தில் சொல்லப்படும் வார்த்தையை அப்படியே நம்ப வேண்டாம். இன்ஜினீயர்களும் டாக்டர்களும் அதே தேர்வை எழுதுகிறார்கள். மூன்றாண்டு எல்.எல்.பி. இன்னொரு நல்ல வழி. ஆவணத்தைப் படித்து, எதிர்த் தரப்புச் சாட்சியில் ஓட்டை தேடிப் பழகியவர்களுக்கு நீதிமன்றம் அந்நியமாக இருக்காது.

தொல்லியல் இன்று பலரை இழுக்கிறது. காரணம், கீழடி. மத்திய தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வைப் பின்னர் மாநிலத் துறை தொடர்ந்தது. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 6-ம் நூற்றாண்டு என்று 2019 செப்டம்பரில் வந்த அறிக்கையும், 2023-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் பள்ளிப் பிள்ளைகளைக்கூடக் குழிக்குள் எட்டிப் பார்க்க வைத்திருக்கின்றன. இந்தத் துறைக்குப் போக முதுகலைப் படிப்பும், அதன்மேல் முதுநிலைப் பட்டயமும் தேவை. மாநிலத் தொல்லியல் துறையே அப்படியொரு பயிற்சியை நடத்துகிறது. மத்திய தொல்லியல் துறையின் பயிற்சி நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. 2020 அக்டோபரில் அந்தப் படிப்புக்கான அறிவிப்பு வெளியானபோது, தகுதிக்குரிய செம்மொழிகளின் பட்டியலில் தமிழே இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் சேர்த்தார்கள். பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம், வேலை வெயிலில். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் நிலைக்கிறார்கள்.

ஊர் எல்லைக் கல்

மூன்றாம் ஆண்டில் பல கல்லூரிகளில் ப்ராஜெக்ட் உண்டு. ஜெராக்ஸ் கடையில் அதுவும் ரெடிமேடாகக் கிடைக்கும். ‘சோழர்களின் நிர்வாகம்’, ‘காந்தியின் பங்களிப்பு’ என்று பைண்டிங்கோடு. வாங்கிக் கொடுத்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும்.

வாங்காமல் ஊருக்குத் திரும்புகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது, பெரும்பாலும் சாலையோரத்து சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி, மறுபடி ஏற்றிக்கொள்ள வசதியான உயரம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்காத சுமைக்காக வைப்பது வழக்கம். சின்ன வயதில் இருந்து அதன்மேல் ஏறிக் குதித்திருப்பார்கள். அது யாருக்காக நடப்பட்டது என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

சில கற்களில் பெயரும் வருடமும் வெட்டியிருக்கும். சுண்ணாம்பைச் சுரண்டி, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்து தெரியும். பலவற்றில் எதுவும் இருக்காது. அப்போது ஊரில் வயதானவர்களிடம் உட்கார வேண்டும். இந்தப் பட்டத்தைப் பற்றி “அப்புறம்?” என்று கேட்காத ஒரே ஆள் அநேகமாகப் பாட்டிதான். அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டால் வெற்றிலையை மென்றபடி, “அது உங்க தாத்தாவோட அத்தை வழி...” என்று ஆரம்பிப்பார். போனில் ரெக்கார்டரை அதற்கு முன்பே ஆன் செய்திருக்க வேண்டும். பெயர், ஊர், எந்தப் பஞ்சத்துக்கு முன், எந்தக் கல்யாணத்துக்குப் பின் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்வதும் ஒரு சாட்சிதான். இன்னொரு வீட்டில் இன்னொருவரிடமும் கேட்டு ஒப்பிட வேண்டும்.

தள்ளிப்போடவும் நேரமில்லை. ரோட்டை அகலப்படுத்தும் ஜே.சி.பி. வந்தால், ஓரத்தில் நிற்கும் இந்தக் கற்கள்தான் முதலில் பெயர்ந்து விழும்.